உப்பு ஏறிய தொட்டி

ஜமால் முகம்மது துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, அவருடைய நான்கு பெட்டிகளில் ஒன்றில் மட்டும்தான் துணிமணி இருந்தது. மற்ற மூன்றிலும் நீல விளக்குகள், பம்புகள், குழாய்கள், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிற ஒரு சின்னக் கருவி. இருபத்து நான்கு வருஷம் அங்கே பணக்கார வீடுகளுக்குப் போய், உயிருள்ள பவளம் வளர்க்கிற கண்ணாடித் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் அவர் வேலை. சொந்த ஊரான பழவேற்காட்டில் அந்த வேலைக்கு ஆள் தேடுகிறவர் யாருமில்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் வந்த இரண்டாம் மாதமே கூடத்துச் சுவரோரம் நாலடித் தொட்டி ஒன்றை நிறுத்திவிட்டார்.

அவர் மனைவி ஜைனம்புவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவளுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனவள் அவள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவர் விமானம் ஏறினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாசம் லீவு. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் அஃப்னானையும் அஃப்ரீனையும் வளர்த்தது, மாமியாரை அடக்கம் செய்தது, வீட்டுக்கு மாடி எடுத்தது எல்லாம் அவள்தான். இப்போது அஃப்னான் ரியாத்தில் இருக்கிறான், அஃப்ரீன் கல்யாணமாகிச் சென்னை மண்ணடியில் இருக்கிறாள். ஆளில்லாத வீட்டில் ஒரு மனிதர் முழுநேரமும் இருப்பது ஜைனம்புவுக்குப் புதுசு. அவருக்குத் தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை என்பதையே அவள் மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தொட்டி வந்த பிறகுதான் இருவருக்கும் பேச ஏதோ ஒன்று கிடைத்தது. சாயங்காலத்தில் அவர் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். வேறு எதைப் பற்றியும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், பவளம் என்றால் மட்டும் நிறுத்தாமல் பேசினார். கல் போல வளர்கிற பவளத்தை நம் நாட்டில் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, சட்டம் விடாது என்று அதை அவர் தொடவே இல்லை. சென்னையில் வண்ண மீன் வியாபாரம் செய்கிற பிரவீன் என்பவனிடமிருந்து மெத்தென்று இருக்கிற வகைகளை மட்டும் வாங்கி வந்தார்.

பச்சை நட்சத்திரம் என்று ஒன்று, புல் முளைத்த மாதிரி பாறைமேல் படரும். அதற்கு நல்ல வெளிச்சமும் ஓட்டமான தண்ணீரும் வேண்டும், அதனால் பம்புக்கு நேராக மேலே வைத்தார். காளான் பவளத்துக்கு வெளிச்சம் ஆகாது, தண்ணீர் அடித்தாலும் ஆகாது, அதை அடியில் நிழலில் வைத்தார். தோல் பவளம் சில நாள் முகத்தை மூடிக்கொண்டு செத்த மாதிரி நிற்கும். பயப்படக் கூடாது, மேல்தோலை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி விரியும் என்றார். விரல்களை மூடி மூடித் திறக்கிற ஒன்று இருந்தது. அதைக் கை என்றுதான் அவர்கள் இருவரும் சொன்னார்கள். அது நன்றாகவே இருக்கும், ஒரு நாள் காரணம் சொல்லாமல் கரைந்துபோகும். எந்தத் தண்ணீரிலும், எந்த அழுக்கிலும் செழிக்கிறது பட்டன் பவளம். சட்டைப் பொத்தான் அளவில் கூட்டம் கூட்டமாக, ஆரஞ்சும் பச்சையுமாக இருக்கும்.

"அதுல ஒரு விஷம் இருக்குது ஜைனு. கையில காயம் இருந்தா தொடாத. அது ஒட்டியிருக்கிற கல்லு மேல சுடுதண்ணி மட்டும் ஊத்தவே கூடாது. ஆவி மூக்குல ஏறினா போதும், ஆளு படுத்துடுவான். எங்க கம்பெனியில ஒரு மலையாளிப் பையன் அப்பிடித்தான் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தான்."

ஏன் ஒன்று பிழைக்கிறது, ஒன்று சாகிறது என்று ஒரு நாள் அவள் கேட்டாள். அவர் சந்தோஷப்பட்டது முகத்தில் தெரிந்தது. இவற்றில் முக்கால்வாசிக்கு உடம்புக்குள்ளேயே பாசி குடியிருக்கிறது, வெளிச்சத்தை வாங்கிச் சமைத்துப் போடுவது அந்தப் பாசிதான் என்று சொன்னார். அந்தப் பாசிக்கு வெளிச்சமும் சூடும் சரியாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்க வேண்டும். கடலில் தண்ணீர் கணக்கில்லாமல் இருக்கிறது, எதுவும் சீக்கிரம் மாறாது. தொட்டியில் ஒரு குவளைத் தண்ணீர் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைகிற இடத்துக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கடல் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, பழையதை எடுத்துவிட்டு மாற்றுவதற்கு மட்டும். அந்தத் தண்ணீரைப் படகுக்காரர் முனியன், ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்கு வெளியே போய் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு கேனில் பிடித்து வந்து கொடுப்பார்.

ஜைனம்புவுக்கு இதைப் புரிந்துகொள்வதில் கஷ்டம் இருக்கவில்லை. அவள் பிறந்தது சுண்ணாம்புக்குளத்தில், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களிடம் வாங்கி விற்கிற வீட்டில். கோடையில் மணல் மூடி முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் ஏரித் தண்ணீர் நாளுக்கு நாள் கரிக்கும். இறால் சிறுத்துப்போகும், அப்புறம் கிடைக்காது. தண்ணீரை நாக்கில் வைத்தே அந்தப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். அவளும் சின்ன வயதில் அப்படிச் சொல்வாள்.

இரண்டரை வருஷம் அந்தத் தொட்டி நன்றாக இருந்தது. தெருவில் உள்ளவர்கள் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். வெயில் காலத்தில் வீட்டில் மற்ற அறைகள் வெந்தாலும் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கிற மெஷின் நிற்காமல் ஓடியது. கரண்டு போனால் இன்வெர்ட்டர் முதலில் தொட்டிக்கு, பிறகுதான் மின்விசிறிக்கு. ஜைனம்பு முணுமுணுப்பாள், ஆனால் கை பவளம் திறக்கிறதா என்று காலையில் முதலில் பார்ப்பதும் அவள்தான்.

முதல் கோளாறு அவள் கண்ணில் பட்டது ஒரு புதுப் பவளத்தால். கார்னேஷன் என்று ஒன்று உண்டு, ரோஜா நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை வீட்டில் யாராலும் காப்பாற்ற முடியாது என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அதற்குள் பாசி இல்லை, வெளிச்சத்தால் பிரயோஜனமில்லை. கண்ணுக்குத் தெரியாத தீனி தண்ணீரில் இடைவிடாமல் மிதந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு தீனி போட்டால் தண்ணீர் கெடும், போடாவிட்டால் அது பட்டினியில் சுருங்கும். அதை வாங்குகிறவன் முட்டாள் என்று சொன்ன மனிதர், ஒரு நாள் சென்னையிலிருந்து அதையே பையில் போட்டு எடுத்துவந்தார். அழகாக இருந்தது, வாங்கினேன் என்றார். ஏழு வாரத்தில் அது சுருங்கிச் செத்தது. ஆசைப்பட்டுவிட்டார் போல என்று அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் இன்னொரு கார்னேஷனோடு வந்து நின்றார்.

"இத எப்பவாச்சும் பாத்திருக்கியா ஜைனு? ரொம்ப நாளா ஒண்ணு வெச்சுப் பாக்கணும்னு ஆசை" என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கிண்டல் செய்கிற முகம் இல்லை. செத்துப்போன பவளம் ஒட்டியிருந்த கல் தொட்டியில் அப்படியே இருந்தது. அவர் அந்தக் கல்லின்மேலேயே புதுசை வைத்தார். அவள் உள்ளே போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு கை பவளம் கரைந்தது. காரணமில்லாமல் கரையும் என்று அவர் சொன்னதை நினைத்து அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் பத்து நாளில் பச்சை நட்சத்திரமும் மூடிக்கொண்டது. தோல் பவளம் முகத்தை மூடி மூன்று வாரமாகியும் திறக்கவில்லை. ஒரு நாள் பிற்பகல் அவர் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தபோது அவள் விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தாள். முகத்துவாரம் அடைத்துப்போன சித்திரை மாதத்து ஏரியை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. குறைகிற தண்ணீருக்கு அவர் கடல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. நல்ல தண்ணீர்க் கேன் மூலையில் சீல் உடைக்காமல் இருந்தது.

பிள்ளைகளிடம் சொல்லியிருக்கலாம். அஃப்ரீன் தினமும் போன் செய்கிறவள்தான். ஆனால் சொன்னால் அவர்கள் வருவார்கள், டாக்டரிடம் கூட்டிப்போவார்கள், டாக்டர் ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயர் வீட்டுக்குள் வந்துவிட்டால் பிறகு வெளியே அனுப்ப முடியாது என்று அவளுக்குப் பயம். வயதானால் மறதி வரும்தானே என்று சொல்லிக்கொண்டாள். அவருக்கு அப்போது அறுபத்து மூன்று.

அன்றிலிருந்து அவர் பள்ளிவாசலுக்குப் போகிற நேரமெல்லாம் ஜைனம்பு தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரைக் குவளையால் மொண்டு வெளியே கொட்டி, நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஒரேயடியாக ஊற்றினால் அதுவும் கொல்லும் என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. அவர் எழுதிவைத்திருந்த பழைய நோட்டைப் பார்த்து உப்பு பார்க்கிற கருவியில் அளக்கக் கற்றுக்கொண்டாள். ஆறு வாரத்தில் தோல் பவளம் மெழுகு மாதிரி ஒரு தோலை உரித்துவிட்டு விரிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜமால் முகம்மது, நான் சொன்னேன் பார்த்தாயா, பொறுமையாக இருந்தால் திறக்கும் என்றார். ஆமாம் என்றாள் அவள். அந்த ஒரு நாள் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் தொட்டியில் இரண்டு பேர் கை வைத்தால் அது நிலைக்காது. அவள் குறைத்த உப்பை அவர் மறுபடி ஏற்றினார். தீனி போட்டதை மறந்து திரும்பவும் போட்டார், மத்தியானத்துக்குள் மூன்று தடவை. அவள் தீனி டப்பாவை ஒளித்துவைத்தபோது சமையலறையிலிருந்து அரிசி மாவை எடுத்துத் தூவினார். தண்ணீர் கலங்கியது. மீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. காளான்கள் மட்டும் அடியில் நிழலில் எப்படியோ இருந்தன. பட்டன் பவளத்துக்கோ அந்த அழுக்குத்தான் விருந்து. அது பாறையெல்லாம் படர்ந்து, பச்சை நட்சத்திரம் இருந்த இடத்தையும் பிடித்து, தோல் பவளத்தின் காலடி வரைக்கும் வந்துவிட்டது. வெளியிலிருந்து வருகிறவர்கள் இன்னும் தொட்டி அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜைனம்பு பக்கத்துத் தெருவில் ஒரு மௌத் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். வாசலிலேயே ஒரு வாடை, மழையில் நனைந்த வலையை அடுப்பில் போட்ட மாதிரி. சமையலறையில் பிரியாணி தேக்சாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பட்டன் படர்ந்த ஒரு பெரிய கல். ஜமால் முகம்மது கரண்டியை வைத்துக்கொண்டு ஆவிக்கு நேராகக் குனிந்து நின்றார்.

"கல்லு அழுக்காயிடுச்சு. கொதிக்க வெச்சாத்தான் சுத்தமாவும்" என்றார்.

அவள் அடுப்பை அணைத்து, அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, திரும்பிப் போய் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். மூடி போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆவி முழுக்க அவள் முகத்தில்தான் அடித்தது.

மத்தியானத்துக்குள் இருவருக்கும் நாக்கில் இரும்பு மாதிரி ஒரு கசப்பு வந்தது. பிறகு குளிர் காய்ச்சல், இருமல். சாயங்காலம் ஜைனம்புவுக்கு மூச்சு இழுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மனோரமா ஆட்டோ பிடித்துப் பொன்னேரிக்குக் கூட்டிப்போனாள், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள், என்ன புகை போட்டீர்கள் என்று மாறி மாறிக் கேட்டார். தேநீர் போட்டேன் என்றார் ஜமால் முகம்மது. அவருக்கு அதுதான் ஞாபகம் இருந்தது. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து ஜைனம்பு திக்கித் திணறிப் பட்டன் பவளம் என்று சொன்னதை அஃப்ரீன் புரிந்துகொள்ளவே கால்மணி நேரம் ஆனது.

அவர் நாலே நாளில் எழுந்து நடமாடினார். அவள் பத்தொன்பது நாள் படுக்கையில் இருந்தாள். அந்த நாட்களில்தான் அஃப்ரீன் தன் வாப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அதே ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஜைனம்பு பயந்த பெயரை டாக்டர் சொன்னார். மாத்திரை சிலருக்கு மறதியைக் கொஞ்ச நாள் பிடித்துவைக்கும், போன ஞாபகம் திரும்ப வராது என்றார்.

ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் என்று ஜைனம்பு கேட்டாள். அதே கேள்வியை அவள் பத்தொன்பது நாளும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய வித்தியாசம் இருந்திருக்காதும்மா என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். தன் தப்பு என்று அழலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கும் வழி இல்லை. சீக்கிரம் சொல்லியிருந்தாலும் இதுதான், சொல்லாமல் இருந்தாலும் இதுதான்.

தொட்டியைக் கழற்றப் பிரவீன் வந்தான். தோல் பவளம் தேறாது என்று கீழே வைத்தான். காளான்களை ஒரு பையில் போட்டான். பட்டன் பவளத்தைப் பார்த்துவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டே, இவ்வளவு நல்ல பட்டன் சென்னையில் யாரிடமும் இல்லை அக்கா என்றான். எடுத்துக்கொண்டு போ என்றாள். பேசுவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. நுரையீரல் பழைய மாதிரி ஆகாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டி வைத்த மாடிக்கு அவளால் இனி ஏற முடியாது. கேஸ் அடுப்பின் ரெகுலேட்டரை ஒவ்வொரு சமையலுக்கும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இரண்டு பேரும் மண்ணடிக்கு வந்துவிடுங்கள் என்று அஃப்ரீன் கெஞ்சினாள். ஒரு மாதம் இருந்து பார்த்தார்கள். மூன்றாவது மாடியில், தெரியாத அறைகளுக்குள், அவர் கழிப்பறை எது என்று தெரியாமல் அழுதார். திரும்பிவிட்டார்கள்.

பங்குனியில் அஃப்னான் இருபது நாள் லீவில் வந்தான். ரியாத்திலிருந்து வாப்பாவுக்குப் புதுச் சட்டையும் அத்தரும் வாங்கிவந்திருந்தான். ஜமால் முகம்மது எழுந்து நின்று அவனுக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுத்தார். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். எந்தக் கம்பெனி விசா, ரூம் கொடுத்துவிட்டார்களா என்று விசாரித்தார். அவன் தன் உம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, ரூம் கொடுத்துவிட்டார்கள் என்றான்.

துபாயில் தன் கம்பெனிக்கு வேலைக்குப் புதிதாக வந்த பையன் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டாம் நாளிலிருந்து அவனைக் கூப்பிட்டுத் தொட்டி இருந்த சுவருக்கு முன்னால் நிறுத்தி வேலை சொல்லிக்கொடுத்தார். சுவரில் தண்ணீர் தெறித்த உப்புக் கறை மட்டும்தான் இருந்தது. எதை மேலே வைக்க வேண்டும், எது நிழலைத் தேடும், எதற்கும் எதற்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட வேண்டும் என்று விரலால் இடம் காட்டினார். ஒன்றும் பிசகவில்லை. ஜைனம்பு சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். துபாயில் அவர் என்ன வேலை செய்தார் என்று இத்தனை வருஷத்தில் அஃப்னான் கேட்டதும் இல்லை, அவர் அவனிடம் சொன்னதும் இல்லை.

கடைசி நாள் அவன் அவரிடம், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டான். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"ஒரு பையன், ஒரு பொண்ணு" என்றார். "பையனுக்கு எட்டு வயசு. அவன் பொறந்ததுலேர்ந்து மொத்தமா பாத்தா நான் ஒரு வருஷம்கூட அவங்கூட இருந்தது இல்ல. என்னக் கண்டா அவங்க உம்மா பின்னால ஒளிஞ்சுக்கறான். நீ சின்னப் பையன், சொல்றதக் கேளு. நாலு வருஷம் பாரு, வேலையக் கத்துக்க, ஊருக்குப் போயிடு. இங்கியே கெடக்காத."

அஃப்னான் தலையாட்டினான். எட்டு வயதில் அவன் ஒளிந்துகொண்டது நிஜம்தான், ஜைனம்புவுக்கும் ஞாபகம் இருந்தது. அவன் பெட்டியைப் பூட்டுகிற சாக்கில் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலை டாக்ஸி வந்தது. வாப்பாவின் கையைப் பிடித்து, போய்வருகிறேன் என்றான். நல்லது, டியூட்டிக்கு நேரத்துக்குப் போ என்றார் அவர். உம்மாவிடம், மாத்திரை தீருவதற்கு முன்னால் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னான். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு ஜைனம்பு உள்ளே வந்தாள். பத்து அடி நடந்ததற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஜமால் முகம்மது நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பையன். கவனமாக் கேக்கறான்" என்றார். "பாதிதான் சொல்லியிருக்கேன். நாளைக்கு வரச் சொல்லு, மீதியச் சொல்லிக்குடுக்கறேன்."

"சொல்றேன்" என்றாள் ஜைனம்பு.

அஃப்னானுக்கு அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான்.